ஜன்னலுக்குள் ஓர் அடைக்கலான்

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒன்பது பேரையும் வீட்டின் பின்பக்கத்துப் புல்லில் உட்காரவைத்துவிட்டு, சர்வேயர் பின்னறை ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பலகைக் கதவுகள் இரண்டும் சாத்தியிருந்தன. காலையில் உள்ளே போய்க் கொக்கியை மாட்டியது அவரேதான். கீழே மட்டும் இரண்டு விரற்கடை சந்து. மரம் உளுத்துப் போயிருந்தது.

அந்த அறையில் அவருடைய தங்கை இருந்தாள், நான்கு வயது மகளோடு. வந்து பன்னிரண்டு நாளாகிறது. கட்டியவன் கைநீட்டுகிறான் என்பதை அவள் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, கன்னமே சொன்னது. அந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்ததும், சபைக்கு முன் எழுந்து நின்று நன்றி சொன்னதும் சர்வேயர்தான். போன வாரம் ஆலய வாசலில் போதகர் விசாரித்தபோது, "நல்லா இருக்கா, கர்த்தரோட கிருபை" என்றார். பொய்யோடு நிறுத்தாமல் கர்த்தரை ஏன் இழுத்தோம் என்று வீடு வந்து சேரும்வரை உறுத்தியது. ஊரார் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்து கல் நட்ட மனிதர், தன் வீட்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்துவிட்டார். பறவை பார்க்கும் வகுப்பைப் போன மாதமே அறிவித்தாயிற்று. தள்ளிப்போட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

"ஒரு மணி நேரம்தான். பாப்பா சத்தம் போடாம பாத்துக்கோ" என்று காலையில் தங்கையிடம் சொல்லியிருந்தார்.

"நான் என்ன திருடிட்டா வந்திருக்கேன், அண்ணா?"

"குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கும்மா."

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குள் போனாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மதில்மேல் சிட்டுக்குருவிகள் வந்து இறங்கின.

"வேதத்துல இதுக்கு வேற ஒரு பேரு உண்டு. யாருக்குத் தெரியும்?"

"அடைக்கலான் குருவி!" என்றாள், மற்ற பிள்ளைகள் ஓட்டைப்பல்லி என்று கூப்பிடும் சிறுமி. முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் பாதி காற்றாகத்தான் வந்தது. "ஏன் அங்கிள் அந்தப் பேரு?"

பதிலை வியாழக்கிழமையே நோட்டில் எழுதிவைத்திருந்தார். "அது காட்டுல இடம் தேடாது. மனுஷங்களை நம்பி, வீட்டுக்கே வந்து கூடு கட்டும். நம்பி வந்ததை நாம..."

எழுதும்போது அழகாக இருந்த வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டார். அவசரமாகப் பேச்சை மாற்றினார். "சரி, எல்லாரும் குருவி மாதிரி கூப்பிடுங்க. பதில் வருதான்னு பாப்போம்."

ஒன்பது தொண்டைகள் ஒன்றாகக் கத்தியதில் மதில் காலியானது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது பதில் வந்தது, ஜன்னலுக்குள்ளிருந்து.

"கீச்... கீச்..."

"அங்கிள், உள்ள ஒண்ணு மாட்டிக்கிச்சு!"

"ஆமா. குருவிதான்." சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

"அப்போ திறந்து விடுங்க."

"தானா போயிடும்."

"சாத்தின ஜன்னல்ல எப்படித் தானா போகும்?" வக்கீல் தோற்றுப்போவார் ஓட்டைப்பல்லியிடம். "பாவம், பசிக்கும்ல?" என்று எழுந்து போய், குருவிகளுக்குப் போட அவர் கொடுத்திருந்த தானியத்தைச் சந்தின் ஓரமாகத் தூவிவிட்டு வந்தாள்.

சற்று நேரத்தில் சந்து வழியாக இரண்டு குட்டி விரல்கள் வெளியே வந்தன. ஒரு மணியைப் பிடித்தன, உள்ளே போயின. மறுபடி வந்தன.

யாரும் சிரிக்கவில்லை. ஒன்பது தலைகளும் ஜன்னலிலிருந்து மெல்ல அவர் பக்கம் திரும்பின. வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். ஐந்தாறு எட்டு தூரம்தான். ஆனால் அத்தனை நீள நிலத்தை அவர் அதுவரை அளந்ததில்லை.

கதவில் கை வைத்த பிறகுதான் கொக்கி உள்பக்கம் இருப்பது நினைவுக்கு வந்தது. தன் வீட்டு ஜன்னலை, யாரோ வழிப்போக்கனைப் போல, விரலை மடக்கித் தட்டினார்.

"அம்மா... அண்ணன்தான். திறம்மா."

விரல்கள் சட்டென்று உள்ளே மறைந்தன. கீச்சென்ற சத்தமும் நின்றுபோனது. தட்டிய அதிர்வில் சட்டத்தின் விளிம்பிலிருந்த கடைசித் தானியம் உருண்டு, அவர் காலடியில் தரையில் விழுந்தது.