தூங்காத சுருட்டுகள்

பார்சல் எப்போதும் அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடை முகவரிக்குத்தான் வரும். வீட்டுக்கு வந்தால் அக்கா கதவைத் திறந்த கையோடு திருப்பி அனுப்பிவிடுவாள் என்று அத்தான் ஒரு காலத்தில் பயந்திருந்தார். பிறகு அக்காவுக்கு எல்லாம் தெரிந்துபோய், திட்டித் திட்டி அவளுக்கே அலுத்துப்போய், கடைசியில் அவள் வாயாலேயே "உங்க சுருட்டு இன்னும் வரலையா?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது. முகவரி மட்டும் மாறவில்லை.

இந்த முறை பார்சல் வந்தபோது அவன் ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட்டு வாங்கி மேஜைக்கு அடியில் காலருகே தள்ளிவிட்டு மறுபடி திருகாணிக்குத் திரும்பினான். அது குழியில் உட்கார மறுத்தது. மூன்று தடவை கீழே விழ, மூன்று தடவையும் தரையில் தவழ்ந்து தேடினான். "அவசரமில்ல தம்பி, மெதுவாவே போடுங்க" என்றார் பெரியவர். அந்த ஒரு வார்த்தையைத்தான் அன்றைக்கு அவனால் தாங்க முடியவில்லை.

சுருட்டு விஷயத்தில் அவசரமில்லை என்பது அத்தானின் சட்டம். கடல் தாண்டி, வெயிலிலும் குளிரிலும் கிடந்து வருகிற சுருட்டு களைத்துப்போயிருக்கும். மேல் இலை ஒரு பக்கம் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் தேங்கியிருக்கும். அதைப் பெட்டியில் படுக்கவைத்து மூன்று மாதம் தூங்கவிட வேண்டும். உள் ஈரமும் வெளி ஈரமும் ஒன்றோடொன்று சமாதானமாக வேண்டும். அதற்குமுன் தொட்டால் அது நம்மைக் கடிக்கும் என்பார்.

கடித்தும் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால், வந்த அன்றைக்கே ஒன்றை உருவிக்கொண்டு போய்க் கடை மாடியில் திருட்டுத்தனமாகப் பற்றவைத்தான். பாதி முடிவதற்குள் தலை சுற்றி, கண் இருட்டி, படியிறங்கும்போது படி முழுக்க வாந்தி. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. "நான் மாசாமாசம் எண்ணெய் போட்டு வச்சிருக்கேன். லிஃப்ட்ட விட்டுட்டுப் படியில வந்து வாந்தி எடுத்திருக்கான் பாரு" என்று ஒரு வருஷம் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து அவன் பெயர் அவசரக்குடுக்கை.

பெட்டியும் அவர் செய்ததுதான். இடித்துப்போட்ட பழைய கட்டடம் ஒன்றின் லிஃப்டிலிருந்து கழற்றிய மரப்பலகை. உள்ளே தேவதாரு மரத்தகடு ஒட்டி, மூடியில் ஈரத்தைக் காட்டும் சின்ன முள்ளைப் பதித்திருந்தார். முள் சரியான இடத்துக்கு வந்து நின்றால், "மாடி வந்தாச்சு, இறங்கலாம்" என்பார். வாரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து மேல் வரிசையைக் கீழேயும் கீழ் வரிசையை மேலேயும் மாற்றி அடுக்குவார். "ரெண்டு பிள்ளை பெத்தேன். ஒண்ணையாவது இந்த மனுஷன் இப்படிப் புரட்டிப் போட்டுப் பார்த்தது உண்டா?" என்று அக்கா கேட்பாள்.

மூன்று மாதம் கழிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பால்கனியில் இரண்டு நாற்காலி போடப்படும். ஆளுக்கு ஒன்று. பற்றவைத்த பிறகு யாரும் பேசுவதில்லை. அது எப்போது தொடங்கிய வழக்கம் என்று அவனுக்கு நினைவில்லை. சுருட்டு கரைகிறவரை கீழே தெருவில் வண்டிகள் போகும், எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரியும், இவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவனுடைய வாழ்க்கையில் வேறு யாரோடும் அவன் அவ்வளவு பேசியதில்லை என்றே அவனுக்குத் தோன்றும்.

பார்சலுக்குச் சொல்லிவிட்ட பிறகுதான் அத்தானுக்கு வயிற்றுவலி வந்தது. சாதாரண வலி என்று கசாயமும் மாத்திரையுமாக ஓட்டினார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் அவனையும் அக்காவையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, கணையம், பரவிவிட்டது, ஒரு மாதம், மிஞ்சிப்போனால் கொஞ்சம் கூட என்றார். கடைசியில், "அவர் ஆசைப்பட்டதைக் குடுங்க" என்றார். அந்த வாக்கியம் வரும்வரை அக்கா அழவில்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்தாள்.

"அவருக்குத் தெரியக்கூடாதுடா. குடல்ல புண்ணுன்னு சொல்லியாச்சு. அது அப்படியே இருக்கட்டும். தெரிஞ்சா அந்த மனுஷன் ஒரே நாள்ல உடைஞ்சு போயிடுவாரு. எனக்குச் சத்தியம் பண்ணு."

"அக்கா, அவரு சின்னப் பிள்ளையா?"

"பண்ணுடா."

பண்ணினான்.

பார்சல் அவன் காலருகே கிடந்தது. மூன்று மாதம் தூங்க வேண்டிய சுருட்டு. ஒரு மாதம் மிச்சமிருக்கிற மனிதர். இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் ஒரு நாற்காலி காலியாக நின்றது.

இரண்டு நாள் யோசித்து ஒரு பொய்யைக் கண்டுபிடித்தான். இந்தச் சரக்கு முன்பே வந்துவிட்டது, ஆஸ்பத்திரி அலைச்சலில் சொல்ல மறந்துபோனேன், மூன்று மாதமாகக் கடையிலேயே தூங்கிவிட்டது. சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பற்றவைத்துவிடலாம். மேல் உறையைக் கிழித்துப்போட்டான். தேதி ஒட்டியிருந்த சீட்டை வெந்நீர்த் துணியால் ஊறவைத்து உரித்தான். புதுச் சுருட்டில் மூக்கைச் சுருக்கென்று குத்தும் ஒரு நெடி உண்டு. அது போகட்டும் என்று சுருட்டு வந்த பெட்டியின் மூடியைத் திறந்து அலமாரியின் மேல்தட்டில் நாலைந்து நாள் காற்றாட வைத்தான். அப்படியெல்லாம் போகாது என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் வைத்தான். மூடி திறந்து கிடந்தால் மேல் இலை இன்னும் காயும் என்பது மட்டும் அந்தப் பதற்றத்தில் மறந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் பால்கனிக் கதவருகே சாய்வு நாற்காலியில் இருந்தார். சட்டைக்குள் ஆளைக் காணோம். கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டிருந்தது. ஆயுள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தே பிழைத்தவன், அந்தக் கண்ணை மட்டும் நேராகப் பார்க்காமல் பெட்டியை அவர் மடியில் வைத்தான்.

"வந்துருச்சா?" என்றார். முகம் மலர்ந்தது.

"எப்பவோ வந்துருச்சு அத்தான். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ரொம்ப முன்னாடியே. இந்த அலைச்சல்ல சொல்லவே மறந்துட்டேன். கடையிலயே நல்லாத் தூங்கிடுச்சு."

"அப்படியா?"

"மூணு மாசம் தாராளமா ஆச்சு. இன்னிக்கே பத்த வைக்கலாம்."

அத்தான் மூடியைத் திறந்தார். ஒன்றை எடுத்தார். விரல்கள் நடுங்கின, ஆனால் சுருட்டைப் பிடித்ததும் நின்றன. காதருகே கொண்டுபோய் மெதுவாக உருட்டினார். காய்ந்த இலையின் நொறுநொறுப்பு அவனுக்கே கேட்டது. பிறகு நடுவில் லேசாக அழுத்தினார். மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

திறக்கவேயில்லை. கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை. உள்ளே அக்கா பாத்திரம் துலக்குகிற சத்தம் வந்தது. அவன் தரையின் சதுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர்களுடைய எத்தனையோ மௌனங்களில் அவனுக்குப் பயமாக இருந்த முதல் மௌனம் அது.

"கடையில எங்க வச்சிருந்த?"

"அலமாரியில."

"மூடியா?"

"மூடித்தான் அத்தான்."

அவர் கண்ணைத் திறந்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தான். இல்லை. லிஃப்ட் பழுதாகி நடுவில் நின்றால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து பேசுவாரே, அந்தக் குரலில் பேசினார்.

"மாப்ளே, இது இன்னும் தூங்கவே இல்ல."

அவன் பெட்டியின் மூடியைச் சாத்தக் கை நீட்டினான். அத்தான் தடுத்தார்.

"ஒருவேளை மறந்திருப்பியோன்னுதான் நானும் நினைச்சுப் பார்த்தேன். நீ வீட்டுச் சாவிய மறப்ப, கல்யாண நாளை மறப்ப. சுருட்டு வந்தா மட்டும் அன்னிக்கே ஓடி வருவ." சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாந்தி எடுத்த பிறகு நீ அவசரப்பட்டதே இல்லையே. இத்தனை வருஷம் கழிச்சு எனக்காக எதுக்குடா அவசரப்படுற?"

அது கேள்வியாக இல்லை. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது போல இருந்தது. அவன் தலையைக் குனிந்தான். அக்காவுக்குப் பண்ணிக்கொடுத்த சத்தியம் ஒன்று. அதை அவன் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உடைத்திருந்தான்.

"எவ்வளவு நாள் சொன்னாங்க?"

அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

"சரி, சரி. வேண்டாம். சொல்லாத." அத்தான் அவன் முழங்காலைத் தட்டினார். "அவளுக்குத் தெரியுமா?"

தலையாட்டினான்.

"எனக்குத் தெரியக்கூடாதுன்னு அவதான் சொன்னாளா?"

மறுபடி தலையாட்டினான்.

அத்தான் உள்ளே பார்த்தார். சமையலறையில் அக்காவின் முதுகு தெரிந்தது. வெகுநேரம் அந்த முதுகையே பார்த்தார். "அதான் பத்து நாளா என்கிட்ட சண்டையே போடல" என்றார். சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "இருக்கட்டும். எனக்குத் தெரியாதுங்கிறதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவ நிக்கிறா. அதையும் ஏன் பிடுங்கணும்? நான் தெரியாதவனாவே இருந்துட்டுப் போறேன்."

அக்கா மாத்திரையும் தண்ணீருமாக வந்தாள். அவன் சட்டென்று எழுந்து பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தான். பின்னால் அத்தானின் குரல் கணீரென்று கேட்டது.

"உன் தம்பியப் பாரு. புதுச் சரக்கைக் கொண்டுவந்து இன்னிக்கே பத்த வைக்கணும்னு நிக்கிறான். அவசரக்குடுக்கை! மூணு மாசம் போகட்டும்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள என் வயித்துப் புண்ணும் ஆறிடும், நிம்மதியாப் பிடிக்கலாம்."

"ஆமாங்க" என்றாள் அக்கா. "போகட்டும். மூணு மாசம் என்ன, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும்."

அவள் குரலில் இருந்த நிம்மதியை அவனால் தாங்கமுடியவில்லை. திரும்பிப் பார்க்காமலே நின்றான்.

அன்றே சுருட்டுகளை லிஃப்ட் பலகைப் பெட்டிக்கு மாற்றினார்கள். அத்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவன் அடுக்கினான். காய்ந்தவற்றை உடனே ஈரத்தில் போட்டால் இலை வெடித்துவிடும் என்று முதல் நாள் மூடியைச் சற்றுத் திறந்து வைக்கச் சொன்னார். "இப்படிக் காயப் போட்டிருக்கியேடா, பாவி" என்று திட்டினார். அந்தத் திட்டு அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு ஞாயிறும் போனான். மேல் வரிசை கீழே, கீழ் வரிசை மேலே. முதலில் அத்தானே செய்தார். பிறகு அவர் சொல்ல, இவன் செய்தான். பிறகு அவர் சொல்லவும் இல்லை, பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அறைக்குள் வரும்போதெல்லாம், "முள் எங்க நிக்குது?" என்று கேட்பார். "மாடி வரப்போகுது அத்தான்" என்று இவன் சொல்வான். அக்கா சிரிப்பாள். வீட்டில் மூன்று பேரும் நடித்தார்கள். மூன்று பேருமே நடிக்கிறார்கள் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஒருநாள் அக்கா குளிக்கப் போயிருந்தபோது அத்தான் கையசைத்துக் கூப்பிட்டார். குனிந்து காதைக் கொடுத்தான்.

"முன்னாடியே தொட்டுடாத. மறுபடி படியெல்லாம் கழுவணும்."

அவர் அவனிடம் கடைசியாகச் சொன்ன வேடிக்கை அதுதான். டாக்டர் சொன்ன கணக்கு ஏறக்குறைய சரியாகவே இருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போய், பிள்ளைகள் இருவரும் அவரவர் ஊருக்குத் திரும்பிய பிறகும் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பெட்டியைத் திறந்து புரட்டி அடுக்கிவிட்டு வந்தான். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் அவன் உள்ளே நுழைந்தபோது பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது.

"மூணு மாசம் ஆச்சுடா" என்றாள்.

பெட்டியைத் திறந்தான். நெடி இல்லை. பழைய மரமும் காய்ந்த பழமும் சேர்ந்த மாதிரி ஒரு மணம் மெதுவாக வந்தது. காதருகே உருட்டினான், சத்தமில்லை. அழுத்தினால் அமுங்கியது, விட்டால் நிமிர்ந்தது. நுனியை வெட்டிப் பற்றவைத்தான். கசப்பு இல்லை, கடிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல சரக்கு வந்ததில்லை. ஒரு குறையாவது இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது அவனுக்கு.

புகை வந்தாலே கதவைச் சாத்திக்கொண்டு போகிற அக்கா, அன்று அத்தானின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் மூக்கை மூடவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. பாதி சுருட்டு கரையும்வரை அவளும் பேசவில்லை.

"மூணு மாசம் கழிச்சுப் பிடிக்கலாம்னு எவ்வளவு நம்பிக்கையாச் சொன்னாரு" என்றாள் பிறகு. "அது ஒண்ணுதான்டா எனக்கு நிம்மதி. கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாதுல்ல?"

வாயில் புகை இருந்தது. அதனால் உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு நேரம் அடக்க முடியுமோ அவ்வளவு நேரம் அடக்கினான். கண்ணில் நீர் வந்தது. புகையால் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

"தெரியாதுக்கா" என்றான்.

அவள் தலையாட்டினாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, பெட்டியைக் காட்டிக் கேட்டாள்:

"மீதிய என்னடா பண்றது?"

"இருக்கட்டும்க்கா" என்றான். "வச்சா இன்னும் நல்லாத்தான் ஆகும்."