ஆண்டுக்கு ஒரு சாண்

உரும்பிராய்ப் புளியங்காட்டு அம்மன் கோயில் ஆண்டுக்கு ஒரு சாண் வீதம் வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. ஓர் ஓடு விலகவில்லை, ஒரு பூசை பிந்தவில்லை. கிணறு மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டதால், அபிஷேகத் தண்ணீருக்கு ஐயர் வருடா வருடம் கொஞ்சம் கூடுதலாக நடந்தார். வயது போகிறது என்றுதான் அவரும் நினைத்தார்.

ஊர் இதைக் கண்டுபிடிக்க ஒன்பது வருடம் எடுத்தது. அந்த வருடத் திருவிழாவில் சப்பறம் வடக்கு வீதியில் திரும்பியபோது அங்கே குடியிருந்த கமலாவதியின் வேலியில் உரசி நின்றது. யாழ்ப்பாணத்தில் இரண்டு காணிகளுக்கு நடுவே இடம் குறைந்தால் அதற்கு ஒரே விளக்கந்தான் உண்டு. வேலி அடைக்கிற சாட்டில் கதியால் தடிகளை வீதிப் பக்கம் தள்ளி நட்டுவிட்டாள் என்று கோயில் தலைவர் பரமலிங்கம் முடிவுகட்டி, பண்டத்தரிப்பிலிருந்து நில அளவையாளர் கோபிசங்கரைக் கூட்டிவந்தார். அவர் இரண்டு நாள் அளந்து, வேலி காணி உறுதிப் பத்திரத்தில் உள்ள இடத்திலேயே நிற்கிறது, நகர்ந்தது கோயில்தான் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அதன்பிறகு பரமலிங்கம் அந்த வீட்டைக் கடக்கும்போது மட்டும் சைக்கிள் செயினைப் பார்த்துக்கொண்டே மிதித்தார்.

கமலாவதிக்கு இதில் ஆச்சரியம் இருக்கவில்லை. 2007இல் மகன் ஜெயதீபன் பக்கத்தூரான திருநெல்வேலிச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோனவன், திரும்பவில்லை. நாற்பத்தொரு வெள்ளி ஈரச்சேலையோடு அம்மனைச் சுற்றினாள். நாற்பத்திரண்டாம் வெள்ளி வீட்டிலேயே இருந்துவிட்டாள். கோபந்தான், வேறொன்றுமில்லை. அந்தக் கிழமையிலிருந்துதான் கோயில்மணி அடுப்படிக்கு வரவரக் கிட்டக் கேட்டது.

"அம்மாளாச்சி வந்தால் வரட்டும். நான் போகமாட்டன்" என்று ஐயரிடம் சொல்லிவிட்டாள்.

போன வருடம் கோயில் மதில் வேலியைத் தொட்டது. அடுத்தது அவளுடைய வீடு. கோயில் சபை வேறு காணியும் கல்வீடும் தருவதாகச் சொல்லிப் பார்த்தது. அவள் மறுத்தாள். ஜெயதீபன் வந்தால் இங்கேதான் வருவான், வேறு வீடு அவனுக்குத் தெரியாது. அவன் வரும் நேரம் ஆளில்லாமல் போய்விடுமோ என்று பதினெட்டு வருடமாக ஒரு கலியாண வீட்டுக்குக்கூடப் போகாதவள் அவள்.

வைகாசியில் ஒரு காலை கதியால்கள் சாயத் தொடங்கின. கமலாவதி அலவாங்குக் கம்பியோடு வெளியே வந்தாள். மதிலை உடைக்கப் போகிறாள் என்று பரமலிங்கம் பதறி ஓடிவந்தார். அவள் வேலியைத்தான் கிளப்பினாள், ஒவ்வொரு கதியாலாக. வெட்டை வெளியானதும் மதிலில் கை வைத்து, அடக்கி வைத்திருந்ததெல்லாம் தீர அழுதாள்.

"அம்மாளாச்சி, நீ வந்திட்டாய். அவன் இன்னும் வரேல்லை. இனி ரெண்டு பேருமாப் பாத்துக்கொண்டிருப்பம்."

பரமலிங்கம் தோள் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, பிடுங்கிய கதியால்களை ஒதுக்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து கோயில் அசையவில்லை. கோபிசங்கர் புதிய காணிப் படம் கீறிக் கொடுத்தார், சபை அதைக் கண்ணாடி போட்டு மாட்டியது. கமலாவதி இப்போது கலியாணங்களுக்குப் போகிறாள், சாப்பாடு முடியும்வரை அவசரமில்லாமல் ஆறுதலாக இருக்கிறாள். வீட்டை யார் பார்ப்பது என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் ஆள் இருக்கிறது.