ஹேப்பி கோடு

சுரேஷ்கண்ணன் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டபோது, சீனிச்சாமிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"அண்ணே, ஒங்க போனுக்கு ஹேப்பி கோடுன்னு ஒரு நம்பர் வந்திருக்கும். அதச் சொல்லுங்க."

"வண்டி செத்துக் கெடக்கு. இதுல நான் எங்கிட்டுய்யா ஹேப்பி?"

சின்னமனூர் வயலில், விளைந்து தலைசாய்ந்த நெல்லுக்கு நடுவே அவருடைய அறுவடை இயந்திரம் நின்றுவிட்டது. திரையில் ஒரு ஸ்பேனர் படம். அதற்குப் பிறகு இன்ஜின் மூச்சே விடவில்லை. மேகமலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. நனைந்து முளைத்தால் அந்த நெல் மாட்டுக்குத்தான் ஆகும். ஊரெல்லாம் அறுப்பு, வாடகை வண்டியும் கிடைக்காது, அரிவாள் பிடிக்க ஆளும் கிடைக்காது.

இந்த வண்டியை விற்ற ஜாஸ்பர் தேனியில் கடை வைத்திருந்தவரை இந்தக் கோடெல்லாம் இல்லை. ஜாஸ்பர் பேரத்தில் தோலை உரிப்பார். உரித்த இடத்துக்கு மருந்தும் அவரே போடுவார். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு ஷட்டரைத் தூக்கி ஸ்பேர் எடுத்துக் கொடுத்த மனிதர். பிறகு மதுரைக் கம்பெனி ஒன்று தேனி, கம்பம், பெரியகுளம் கடைகளை மொத்தமாக வாங்கியது. பெயர்ப்பலகை பெரிதானது, ஏசி வந்தது, ஸ்பேர் எல்லாம் மதுரைக்குப் போனது. மூன்று ஊருக்கும் மெக்கானிக் சுரேஷ்கண்ணன் ஒருவன்தான். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாமென்றால், அடுத்த கடையும் இவர்களுடையதுதான்.

"சென்சார் போயிருச்சுண்ணே. நாளைக்கு மதுரையில வாங்கியாந்து மாட்டிர்றேன். கோடு இல்லாமப் போனா நான் இங்கன வந்ததே கணக்குல வராது. போன மாசமே சம்பளத்துல பிடிச்சுட்டாக."

அவன் சட்டையில் கம்பெனிப் பெயர் பளபளத்தது. செருப்பு வார் ஊக்கில் நின்றது. வாழைத்தார் விற்கப்போனால் வியாபாரிகளை அழவைக்கிற சீனிச்சாமி, வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் ஒன்றைக் கொடுத்தார்: அந்தக் கோடு.

அவன் பைக்கை உதைப்பதற்குள் போனில் செய்தி வந்துவிட்டது: தங்கள் இயந்திரம் சீராக இயங்குவதில் மகிழ்கிறோம்.

மறுநாள் அவன் போனில் குரலை இறக்கிப் பேசினான். "கோவப்படாதீகண்ணே. புகார் முடிஞ்சிருச்சுன்னு சிஸ்டத்துல காட்டுது. முடிஞ்ச புகாருக்கு சென்சார் தர மாட்டேங்கிறாக. புதுசா ஒண்ணு போட்டு விடுங்க."

"போட்டா?"

"வரிசையில கடைசிக்குப் போகும்ணே."

மனைவி பாண்டியம்மாள் வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "கத்திரிக்கா வாங்கப் போனா காம்பு நீளம்னு சண்ட போடுவீக. இத மட்டும் சும்மா தூக்கிக் குடுத்துட்டீக."

"அவன் செருப்பப் பாத்தேன்."

"செருப்பப் பாத்தீக. நெல்லப் பாத்தீகளா?"

அன்று மத்தியானம் பிடித்த மழை நாள்கணக்கில் விடவில்லை.

மழை வெறித்த அன்று சீனிச்சாமி வயலில் இறங்கிக் கதிர் ஒன்றைத் தூக்கினார். மணிக்கு மணி வெள்ளை முளை விட்டிருந்தது. அப்போதுதான் போன் அடித்தது. பதிவு செய்த பெண்குரல்: எங்கள் சேவையில் உங்களுக்குத் திருப்தி என்றால் ஒன்றை அழுத்தவும், இல்லையென்றால் இரண்டை அழுத்தவும்.

இரண்டை அழுத்தினார். சேற்றுவிரலைத் திரை ஏற்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். வேட்டியும் சேறு. குரல் கொஞ்சமும் சலிக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தது. இயந்திரத்தின் கூரையில் ஒரு கொக்கு, மழைநீர் சொட்டும் இறகைக் கோதிக்கொண்டிருந்தது.