மூன்று முகவரி, ஒரே பெட்டி

என் சகலைக்கும் எனக்கும் ஒரே மாமனார், ஒரே அலுவலகம். இரண்டாவதற்கு நானேதான் காரணம். நாலு வருடம் முன்பு கையைப் பிடித்துக் கூட்டிவந்து சேர்த்துவிட்டேன். இப்போது மாமனார் வாயைத் திறந்தால் சின்ன மாப்பிள்ளை புராணம்தான்.

போதாக்குறைக்கு மேனேஜரும் புது வேலையை அவனிடமே கொடுத்தார். எங்கள் செயலியின் விவரங்கள் எல்லாம் ஒரே சர்வரில் கிடந்தன. அது படுத்தால் எல்லாம் படுத்துவிடும். அதனால் ஒரே தகவலை மூன்று சர்வர்களில் வைத்திருக்கும் கிடங்கு ஒன்றை நிறுவ வேண்டும். ஒன்று போனாலும் மற்ற இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டு வேலையை ஓட்டும். ஒன்றை நிறுத்திப் பார்க்கும் சோதனையில் தேறினால் அவனுக்குக் குழுத் தலைவர் பதவி. பன்னிரண்டு வருடமாக நான் வழிபார்த்துக் காத்திருக்கும் பதவி. வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

சோதனைக்கு முந்தின நாள் மதியம் மடிக்கணினியோடு என் மேசைக்கு வந்தான்.

"சகலை, ஒரு தடவை பாத்துடுங்களேன். நீங்க பாத்தாதான் எனக்குத் தெம்பு."

பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று சர்வர்களும் ஒன்றையொன்று கண்டுபிடித்து, தங்களுக்கு ஒரு தலைவரைக்கூடத் தேர்ந்தெடுத்திருந்தன. அப்புறம்தான் முகவரிகள் கண்ணில் பட்டன. சர்வர் அறையில் இருக்கும் மூன்று பெட்டிகளில், மூன்று முகவரியும் நடுப்பெட்டிக்குள்ளேயே இருப்பவை. அந்த ஒரே இயந்திரத்தை மூன்று சர்வர்போல் பிரித்துவைத்தவன் நான். அதை எங்கும் எழுதிவைக்கவில்லை. ஒரே வீட்டின் மூன்று அறைகளை மூன்று வீடு என்று நம்பியிருந்தான் பாவி.

சொல்ல ஒரு நிமிடம். மாற்ற ஒரு மணி நேரம்.

"எல்லாம் சரியா இருக்கு," என்றேன்.

மறுநாள் காலை சர்வர் அறையில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றோம்.

"எந்த வயரை வேணும்னாலும் புடுங்குங்க சார்," என்றான் சகலை.

மேனேஜர் ஓரத்துப் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். திரையில் ஒரு மாற்றமும் இல்லை. கைதட்டினார்கள். எனக்குக் காந்தியது. இந்த மனுஷன் நடுப்பெட்டியில் கை வைத்துத் தொலைக்கக்கூடாதா என்று உள்ளுக்குள் புலம்பினேன். முதல் வயரைத் திரும்பச் செருகிவிட்டு, உற்சாகத்தில் நடுப்பெட்டியின் வயரையும் பிடுங்கினார். திரை முழுக்கச் சிவப்பாகி எல்லாம் நின்றது.

"என்னப்பா இது?"

"நிறுவினதுல தப்பு இருக்காது சார். சகலை நேத்தே பாத்துட்டார். வயர்லதான் ஏதோ கோளாறு." சொல்லிக்கொண்டே பெட்டிகளுக்குப் பின்னால் தவழ்ந்து நுழைந்தான்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "இனிமே இதை அனுபவம் உள்ள நீங்களே எடுத்துக்குங்க. தலைவர் பொறுப்பும் சேத்துதான்."

பின்னாலிருந்து, தூசியில் தும்மியபடி சகலையின் குரல் வந்தது. அதில் வருத்தம் துளியும் இல்லை.

"சரியான ஆள்கிட்டதான் குடுக்கறீங்க சார். அவர் கண்ணுலேருந்து எதுவும் தப்பாது."

உண்மைதான். எதுவும் தப்பவில்லை.