எண்பது கண்ணிகள்

சண்டை நடந்த வருஷங்களில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை தோறும் ஊர்ப் பெண்கள் கூடிப் பட்டாளத்துக்காரர்களுக்குக் கழுத்துவரை மூடும் கம்பளிக் குல்லா பின்னினோம். மதுரை வெயிலில் கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வேர்க்குரு பொரிந்துவிடும். நான் தையல் டீச்சர். பின்னியதைச் சரிபார்ப்பது என் வேலை. அங்கே பல பேருக்கு என்னைக் கண்டால் ஆகாது. அதற்கு என் வாய்தான் காரணம் என்பதும் எனக்குத் தெரியும்.

ஊசியில் கண்ணி கண்ணியாக நூலை ஏற்றும் முதல் வரிசை தளர்ந்துவிட்டால் குல்லாவே வீண். கழுத்தைக் கவ்வுகிற விளிம்பு அது. அங்கே தொளதொளத்தால் குளிர்காற்று நேரே காதுக்கு ஏறும். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தேன். மூன்று தடவைக்குள் முதல் வரிசையை ஒழுங்காக ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் நூல் கிடையாது. பிரித்துப் பிரித்து ஏற்றினால் நூல் பிசிறு தட்டிப்போகும், அந்த நாளில் நூலும் அளந்துதான் வந்தது.

ஒச்சம்மாள் பழங்காநத்தத்திலிருந்து நடந்தே வந்தவள். பூக்கட்டிப் பிழைக்கிறவள். அவள் புருஷன் பால்பாண்டி பட்டாளத்தில், ஏதோ ஒரு மலையில் இருந்தான். எந்த மலை என்று எழுதக் கூடாதாம். கடுதாசியைப் படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் நீட்டினாள். காது இரண்டும் மரத்துப்போய்விட்டது, தொட்டால் தெரியவில்லை என்று எழுதியிருந்தான்.

"ஒரு குல்லா பின்னிப் போட்டுறணும் டீச்சரம்மா. எம்புட்டு நேரமானாலும் இருக்கேன்" என்றாள்.

ஏற்றும் விதத்தைக் காட்டிக்கொடுத்து, எண்பது கண்ணி ஏற்றச் சொன்னேன். ஏற்றினாள். ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் சந்து.

"என்னம்மா இது? இதுக்குள்ள மல்லியப்பூவா சொருகப் போற?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"கை தானா எடம் விட்டுருது. இறுக்குனா பூக்காம்பு நசுங்கிருமேன்னு பயம்" என்றாள் அவள்.

பிரித்தாள், மறுபடி ஏற்றினாள். அதே சந்து. மூன்றாம் தடவையும் அதே கதைதான். நூல் அதற்குள் மயிர் மயிராகக் கிளம்பியிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் முகத்தைப் பார்க்கவும் சங்கடமாக இருந்தது.

"போதும்மா. வச்சுட்டுக் கெளம்பு."

"பிரிக்க வேணாம் டீச்சரம்மா. செத்த இருங்க."

இன்னொரு ஊசியின் நுனியால் முதல் கண்ணிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் தொங்கிய நூலை நெம்பி இழுத்தாள். முதல் கண்ணி ஒட்டிக்கொண்டது. இரண்டாவது பெருத்தது.

"ஒண்ண இறுக்குனா அடுத்தது தொங்குதே, என்ன பிரயோசனம்?" என்றேன்.

"அதுவும் போகும்."

இரண்டாவதன் தளர்வை மூன்றாவதுக்குத் தள்ளினாள். மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு. விரல்கள் பூக்கட்டுகிற வேகத்தில் போயின. இருபதாவது கண்ணியில் அந்தத் தளர்வு மோதிரம் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஐம்பதாவதில் வளையல் அளவு. பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். நானும் நாற்காலியை விட்டு எழுந்து அவள் பக்கத்தில் குனிந்து நின்றேன். எண்பதாவது கண்ணியையும் இறுக்கினாள். ஒரு முழத்துக்கு மேல் நூல் மிச்சமாக வெளியே வந்து விழுந்தது. அதை எடுத்து நூல் உருண்டையிலேயே சுற்றிவிட்டாள்.

ஊசியில் எண்பது கண்ணியும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்பதில்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மீனாட்சி சன்னதியில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. சொன்னால் பாவம், ஆனாலும் உண்மை. இருபது வருஷமாகப் பிள்ளைகளிடம் "தப்பா, பிரி" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவள் நான். எண்பதும் ஒரே நூல்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

"இது அவருக்கு எப்பப் போய்ச் சேரும்?" என்று கேட்டாள்.

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். "மொத்தமா மூட்டை கட்டி அனுப்புறோம்மா. எந்தத் தலைக்குப் போகும்னு யாருக்கும் தெரியாது" என்றேன்.

ஊசியைக் கீழே வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அப்ப அவருக்கு வாரத வேற ஏதோ ஊருல எவளோ பின்னுவா."

"ஆமா."

"அவளுக்கு மொத வரிச தொங்கிப்போச்சுன்னா?"

"அங்கயும் என்னை மாதிரி ஒருத்தி உக்காந்திருப்பாம்மா. விடமாட்டா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நம்பிவிட்டாள் போலிருக்கிறது, இரண்டாவது வரிசையை ஆரம்பித்தாள்.

நான் மேஜைக்குப் போனேன். காலையில் நானே பார்த்துச் சரி என்று கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்தேன். மேலே இருந்த குல்லாவை எடுத்து, விளிம்பில் கண்ணிகளுக்கு நடுவே சுண்டுவிரலை வைத்து அழுத்தினேன். நுழைந்தது.