ஆடிக்குள் ஒரு ஒப்பரேஷன்

பட்டுச் சேலையை விரிக்க ஒரு கைவாகு வேண்டும். மடிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மற்றதை மேசை நீளத்துக்கு எறிய வேண்டும். முந்தானை வாடிக்கையாளரின் முன்னால் போய் விழ வேண்டும், மடியில் விழக்கூடாது. டிலக்ஷிக்கு அந்தக் கைவாகு உண்டு. அன்று காலை அவள் எறிந்த சேலைகளை முனைக்கு முனை முடிந்திருந்தால் கடை இருக்கும் வெள்ளவத்தையிலிருந்து அடுத்த ஊர் தெஹிவளை வரைக்கும் போயிருக்கும். முன்னால் குஷன் கதிரையில் இருந்த தாயும் மகளும் இன்னும் அசையவில்லை.

"இதே பச்சைதான், ஆனா கொஞ்சம் நீலம் ஓடுற பச்சை இல்லையோ பிள்ளை?"

"இருக்குது அன்ரி. ஒரு நிமிஷம்."

அவள் சேலை எடுக்கப் போகவில்லை. படியேறி, குடோனுக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் இருந்த கக்கூசுக்குப் போனாள். கடையின் சுப்பவைசர் சாந்தகுமார் மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் கண்ணால் சம்பளம் வெட்டுகிற மனுசன்.

டிலக்ஷிக்கு என்ன வருத்தம் என்று கடையில் யாருக்கும் சொல்லப்படவில்லை. ஆகையால் எல்லோருக்கும் தெரியும். தை மாதத்திலிருந்து அவளுக்கு மாதவிடாய் மாதவிடாயாக இல்லை; தொடங்கினால் நிற்பதில்லை, நின்றால் நம்புவதற்கில்லை. கடைச் சீருடை மெரூன் நிறம். முதலாளி அந்த நிறத்தைத் தெரிந்தெடுத்தது லட்சுமிகரமாக இருக்கிறது என்று. டிலக்ஷிக்கு அதனால் வேறு உபகாரம் இருந்தது.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டியாகிவிட்டது. வெளியே வாங்கில் காத்திருந்தது அரை நாள், உள்ளே இரண்டு நிமிடம். பெரிய டொக்டர் ஸ்கேனைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற மாணவர்களுக்கும் காட்டினார். கர்ப்பப்பையில் கட்டிகள். முப்பத்தெட்டு வயது, பிள்ளை இல்லை, இரத்தமும் குறைவு. பையோடு எடுத்துவிட்டால் கரைச்சல் இல்லை என்றார். ஜூலை கடைசியில் வந்து வார்டில் சேரச் சொன்னார். டிலக்ஷி கேட்க நினைத்தது ஒன்று. அவள் சொன்னது, "தேங்க் யூ டொக்டர்."

கலியாணம் கட்டி மூன்று வருடம்தான் ஆகிறது. புருஷன் நிக்கலஸ் துறைமுகத்தில் கொள்கலன் கட்டுகிறவன். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் கொட்டாஞ்சேனைச் சந்தியில் நிற்பதுதான் வேலை. வீட்டு வாடகை நிற்பது டிலக்ஷியின் கால்களில்.

அவர்கள் இருக்கும் ஒழுங்கையில் ஒருத்திக்குத் தலையிடி என்றால் ஒழுங்கையே பனடோலைத் தூக்கிக்கொண்டு வரும். கர்ப்பப்பை என்றால் கேட்கவா வேண்டும். கீழ் வீட்டு மேபல் ஆன்ட்டி பதினைந்து வருடத்துக்கு முன் தன்னுடையதை எடுத்தவள். அதிலிருந்து அந்தத் துறையில் ஒழுங்கையின் விசேட நிபுணர் அவள்தான்.

"எடுத்துப் போடு மகள். நான் எடுத்த பிறகு மூணு தரம் மடுக் கோயிலுக்கு நடந்து போயிருக்கிறன். அதை வச்சுக்கொண்டு என்ன செய்யப் போற? அலுமாரியா அது, சாமான் வைக்க?"

"இன்னொரு டொக்டரிட்ட ஒருக்காக் காட்டினா என்ன ஆன்ட்டி?"

மேபல் ஆன்ட்டி கதவை இழுத்துச் சாத்தினாள், வெளியே கேட்காதிருக்க. பிறகு வெளியே கேட்கிற குரலில் சொன்னாள். "காட்டு. ஆனா மொத டொக்டரப் பத்தி மூச்சு விட்டிராத. ரெண்டாவது புருஷனிட்ட மொதப் புருஷன்ட கதையச் சொல்லுவாங்களா?"

கடையில் மதியச் சாப்பாடு குடோனில், சேலை மூட்டைகளின் மேல். நாளில் உட்காரக் கிடைப்பது அப்போதுதான். டிலக்ஷிக்குப் பக்கத்தில் எப்போதும் இராமலெட்சுமி இருப்பாள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து பாமன்கடைப் பகுதியில் அறை எடுத்திருப்பவள். போன வருடம் அவளுக்கும் எடுத்தார்கள். அதே வருத்தம், அதே இரண்டு நிமிடம்.

"நீ ஏன் அக்கா வேற யாரிட்டயும் கேக்கல்ல?"

இராமலெட்சுமி பருப்பைச் சோற்றில் குழைத்துக்கொண்டிருந்தாள். "கேக்கலாம்னே எனக்குத் தெரியாதே புள்ள. டொக்டர் சொன்னாரு, படுத்தேன்." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஒனக்குத் தெரிஞ்சிருக்குல்ல. போய்க் கேளு. சும்மா கேக்குறதுக்கு வயித்தக் கிழிக்க மாட்டாங்க" என்றாள்.

டிலக்ஷிக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், காசு கட்டிப் பெரிய டொக்டர்மாரைப் பார்க்கிற சனலிங் சென்டர். அங்கே ஒரு பெண் டொக்டர் மாலையில் வருவார். வருவார் என்று பலகையில் எழுதியிருந்த நேரத்துக்கு அவர் ஒரு நாளும் வந்ததில்லை என்று அங்கே நம்பர் போட்டுக் கொடுக்கும் மருந்துக்கடைப் பெட்டை பெருமையாகச் சொன்னாள். பிந்தி வருகிற டொக்டர்தான் கெட்டிக்கார டொக்டர் என்பது வெள்ளவத்தையின் நம்பிக்கை. ரயில்கள் போய் வந்தன. டிலக்ஷி கதிரையில் இருந்தாள். உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லாததால் கால்களை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

உள்ளே போனதும் மேபல் ஆன்ட்டி சொன்னபடியே, இப்போதுதான் முதன்முதலாகக் காட்டுவதாகச் சொன்னாள். டொக்டர் ஸ்கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதில ஆஸ்பத்திரிப் பேர் இருக்குதே அம்மா. திகதியும் இருக்கு."

டிலக்ஷி தரையைப் பார்த்தாள்.

"பயப்பிடாதேங்கோ. ரெண்டாவது ஆளிட்டக் கேக்கிறது களவில்லை. அங்க என்ன சொன்னவை?"

சொன்னாள். டொக்டர் கட்டிலில் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு தாளில் படம் கீறினார். கொய்யாப்பழம் மாதிரி ஒரு பை, அதில் புடைப்புகள்.

"அவர் சொன்னது பிழையில்லை. எடுத்தா வருத்தம் தீரும். ஆனா உங்களுக்கு வேற வழியும் இருக்கு. கட்டியள மட்டும் எடுக்கலாம், பையை விட்டிட்டு. முதல்ல மாதம் ஒரு ஊசி, மூண்டு மாதம். கட்டி சுருங்கும், இரத்தமும் ஏறும். ஒக்டோபர் அளவில என்ர வார்டிலயே செய்து விடுறன், அதுவும் கவர்மெண்ட்தான். ஊசிக்கு மட்டும் சனிக்கிழமை காலமை வரவேணும், நான் பாத்துத்தான் போடுறது."

"அப்ப பிள்ளை..."

"பிள்ளை வருமெண்டு நான் எழுதித் தரமாட்டன். பை இருக்குமெண்டு சொல்லுறன்."

டிலக்ஷி அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"இன்னொண்டு. இரத்தம் கூடப் போற நாளுகளில நிண்டு வேலை செய்யாதேங்கோ. இருந்து செய்யுங்கோ."

"இருந்தா?"

"ஓம், கதிரையில இருந்து."

"சேலைக் கடை டொக்டர்."

டொக்டர் பேனையை மூடினார். திரும்பத் திறந்து இரும்புச்சத்துக் குளிசை எழுதினார்.

வீட்டில் நிக்கலஸ் கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல மனுசன், மனைவியின் கதையைக் கேட்கும்போது ரிவியின் சத்தத்தைக் குறைக்கிறவன் அந்த ஒழுங்கையில் அவன் ஒருவன்தான்.

"இது ரெண்டாவது சொன்னதுதான் எனக்கு நல்லாத் தெரியுது" என்றான்.

"எனக்கும் அப்பிடித்தான்."

"அப்ப கடையில கேட்டுப் பாரன்."

"கப்பல் எப்ப வருதாம்?"

அவன் ரிவியைப் பார்த்தான். "கடையில கேட்டுப் பாரன்" என்று திரும்பவும் சொன்னான்.

முதலாளி புஷ்பராஜைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. இராமலெட்சுமி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஹோர்லிக்ஸ் போத்தலோடு போய்ப் பார்த்தவர். அதை இராமலெட்சுமி இன்னும் சொல்வாள். அவர் அவளைவிட அதிகமாகச் சொல்வார். டிலக்ஷி கேஷ் மேசைக்கு முன்னால் போய் நின்றபோது அவர் வாயைத் திறக்க விடவில்லை.

"சாந்தகுமார் சொன்னவர் பிள்ளை. ஒப்பரேஷனாம். ஒண்டுக்கும் யோசிக்காத. திகதி எப்ப?"

"ஜூலை கடைசி சேர்."

முதலாளி திரும்பிப் பின்னால் தொங்கிய பஞ்சாங்கக் காலண்டரில் தாளைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "ஆடி. அருமையான நேரம். ஒருத்தன் கலியாணம் கட்டான், ஒருத்தி சேலை வாங்க வராள். நாங்கள் இங்க ஈ ஓட்டிக்கொண்டுதான் இருப்பம். ஆறு கிழமை நிண்டு ஆறுதலா வா. சம்பளத்தில பாதி தாறன். ஆவணிக்கு ஆள் வந்திரவேணும், அவ்வளவுதான்."

"இல்ல சேர். வேற ஒரு டொக்டரிட்டயும் காட்டினன்."

அவள் சொல்லிமுடிக்கும் வரை அவர் கேட்டார். மூன்று சனிக்கிழமை. கூடப் போகிற நாட்களில் கொஞ்சம் இருக்க ஒரு கதிரை. ஒப்பரேஷன் ஒக்டோபரில். செவ்வாய் லீவைத் தான் எடுக்காமல் சனிக்கிழமைகளுக்கு ஈடு கட்டுவதாகவும் சொன்னாள். அதை அவள் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தாள்.

முதலாளி தாள்களைத் திரும்பவும் புரட்டினார், ஆடி, ஆவணி, புரட்டாதி என்று விரலால் தட்டிக்கொண்டு. ஐப்பசியில் விரல் நின்றது.

"தீபாவளி."

"ஓம் சேர்."

"நீ வேதக்காரப் பிள்ளை, உனக்குத் தெரியாது எண்டு சொல்லேலாது, ஏழு தீபாவளி இங்க நிண்டிருக்கிறாய். அந்த மாசம் எனக்கு ஒரு ஆள் குறைஞ்சா நான் வேற ஆள் எடுக்க வேணும். எடுத்தா பிறகு அவளை நிப்பாட்ட ஏலுமே? அதுவும் பாவம்."

இன்னும் வேலைக்கே வராத அந்தப் பெண்ணுக்காக அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். முகத்தில் தெரிந்தது.

"சம்பளத்த வெட்டுங்க சேர்."

"காசுப் பிரச்சினை இல்லை பிள்ளை. ஒப்பரேஷன் எண்டா முடிஞ்ச காரியம். ஒருக்கா லீவு, ஒருக்கா வருத்தம், திரும்பி வாறது. இது இழுபடும். மூண்டு மாசம் ஊசி, பிறகும் ஒப்பரேஷன், அதுக்கும் லீவு. பிறகு கடவுள் கண் திறந்தாரெண்டு வை, அதுக்கும் லீவு." அவர் சிரித்தார். கேட்டுக்கொண்டு நின்ற சாந்தகுமாரும் சிரித்தார். டிலக்ஷியின் முகமும் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டது. வாடிக்கையாளர் சிரித்தால் சிரிப்பது கடையின் முறை.

"கதிரை மட்டும்..."

"கதிரை தாறனே. இராமலெட்சுமிக்குக் குடுக்கேல்லையா? ஒப்பரேஷன் செய்து வந்த ஆளுக்கு மூண்டு மாசம் ஸ்டூல். அது எங்கட கடையில ஒரு வழக்கமாப் போச்சு. செய்யாத ஆளுக்குக் குடுத்தா மற்றவளவையும் எனக்கு நாரி நோவு, கால் நோவு எண்டு வருவாளவை. நியாயம்தானே?"

இராமலெட்சுமி அப்போது ஒரு வாடிக்கையாளருக்குக் கறுப்புக் கரையைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் தலை திரும்பவில்லை. கை மட்டும் கரையில் கொஞ்ச நேரம் நின்றது.

"யோசிச்சுச் சொல்லு பிள்ளை. உன்ர விருப்பம். நான் ஒருத்தரையும் நெருக்கிறதில்லை" என்றார் முதலாளி.

டிலக்ஷி அன்று பின்னேரம் குடோனுக்குப் போய் சனலிங் சென்டருக்கு ஃபோன் எடுத்தாள்.

"சனிக்கிழமை ஊசிக்கு நம்பர் போட்ட டிலக்ஷி கதைக்கிறன். வரல்ல."

"எந்தச் சனிக்கு மாத்திறது மிஸ்?" என்றாள் மருந்துக்கடைப் பெட்டை.

"மாத்த வேணாம்."

"டொக்டரிட்ட என்ன சொல்ல?"

டிலக்ஷி யோசித்தாள். "ஆடியில முடிக்கிறமாம் எண்டு சொல்லுங்க" என்றாள். அந்தப் பெட்டைக்கு அது விளங்கவில்லை. விளங்கினதுபோல "சரி மிஸ்" என்று வைத்துவிட்டாள்.

சாந்தகுமார் எதையும் கடைசி நேரத்துக்கு வைக்கிற ஆள் இல்லை. முடிவு அவர் காதுக்குப் போன அடுத்த நாளே குடோன் மூலையிலிருந்து நீல பிளாஸ்டிக் ஸ்டூலை இறக்கிவந்து, தூசி தட்டி, டிலக்ஷி நிற்கும் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இப்பவே கிடக்கட்டும் தங்கச்சி. பிறகு ஆடித் தள்ளுபடிப் பெட்டியள் வந்தா மேல தேடேலாது."

"இப்ப கொஞ்சம் இருக்கலாமா அண்ணன்?"

"இப்ப எப்பிடி? செய்துபோட்டு வந்த பிறகுதானே." அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

ஆனி மாதக் கலியாணங்கள் இன்னும் மிச்சம் இருந்தன. சனிக்கிழமை காலை கடை நிறைந்துபோயிற்று. கனடாவில் இருக்கிற மகளுக்குச் சேலை எடுக்க வந்த ஒரு பருத்த அம்மா, குஷன் கதிரையில் இருந்து மூச்சு வாங்கி, மடியிலிருந்த பெரிய ஹாண்ட்பேக்கை எங்கே வைப்பதென்று பார்த்தார்.

"பிள்ளை, இதில வைக்கவோ?"

"வையுங்கோ அன்ரி."

பேக் ஸ்டூலில் ஏறிற்று.

"அந்த ரோசாப்பூக் கலரை உன்ர தோளில போட்டுக் காட்டு பாப்பம். மகளும் உன்ர உயரம்தான். அப்பிடியே நில்லு, அசையாத. வீடியோ எடுத்து அனுப்புறன்."

டிலக்ஷி முந்தானையைத் தோளில் போட்டாள். காலையிலிருந்து இரண்டு தரம் மேலே போய் வந்திருந்தாள். மூன்றாந்தரம் போகவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. தொடைகளைச் சேர்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அந்த அம்மா ஃபோனை மேலும் கீழும் பிடித்து, "கரையைக் காட்டு... இப்ப திரும்பு... இல்லையில்லை, திரும்பாத, நில்லு" என்றார்.

ஸ்டூலில் இருந்த பேக் மெல்லச் சரியத் தொடங்கியது. அவ்வழியாகச் சேலைக் கட்டோடு போன இராமலெட்சுமி நின்று, கட்டை இடுப்பில் கொடுத்துக்கொண்டு, ஒரு கையால் பேக்கை நிமிர்த்தி, விழாதபடி நடுவில் நன்றாக இருத்திவிட்டுப் போனாள்.