அமைதியான மூலை

என் மனைவி தாமரைச்செல்விக்கு இன்ஸ்பிரேஷன் வருவது காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள். நான் விளாங்குடியில் பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு ஆள் வருவதும் அதே நேரத்தில்தான். இரண்டில் எது முக்கியம் என்பது எங்கள் வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம். பத்தேகாலுக்கு போன் வரும். "கொஞ்சம் வாங்க, பீரோவ நகட்டணும்" என்பாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போவேன்.

அவள் வீடுகளை அழகுபடுத்திப் படம் பிடிக்கிறவள். இன்ஸ்டாகிராமில் ஒன்பதாயிரம் பேர் அவளைப் பின்தொடர்கிறார்கள். என்னைக் கடன்காரன்கூடப் பின்தொடர்ந்ததில்லை. ஆரம்பத்தில் சுவீடன், டென்மார்க் வீடுகளைப் பார்த்துச் செய்தாள். எல்லாம் வெள்ளை. திண்டுக்கல் ரோட்டுப் புழுதிக்குப் பக்கத்தில் எங்கள் வெள்ளை சோபா சரியாகப் பதினோரு நாள் வெள்ளையாக இருந்தது. அந்த நாட்டு வீடுகளில் காலண்டர் கிடையாது, கொடியில் துண்டு கிடையாது, கரண்ட் பில் குத்திவைத்த கம்பி கிடையாது. ஆள் குடியிருக்கிறார்களா, காலி செய்துவிட்டார்களா என்றே தெரியாது. "வெற்றிடம்தாங்க அழகு" என்றாள். அந்த வெற்றிடம் எங்கள் குடும்பத்தை என்ன செய்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

ஆறு வருடத்துக்கு முன் வீடு கட்டிப் பால் காய்ச்சினோம். பத்திரிகையை அவளே வடிவமைத்தாள். தடித்த அட்டை. நடுவில் பொடி எழுத்தில் என் பெயர், அவள் பெயர், தேதி, இடம். மற்றதெல்லாம் வெற்றிடம். எங்கள் பக்கம் பத்திரிகை என்றால் வாக்காளர் பட்டியல் மாதிரி இருக்க வேண்டும். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், மச்சினன், அவர்கள் பெற்றது, பெற்றதுகள் கட்டியது, எல்லாரும் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே வரிசை கட்டி நிற்க வேண்டும். அதில் பெயர் இல்லாதவன் அந்த வீட்டுக்கு உறவில்லாதவன். அச்சுக்குப் போவதற்கு முன் நானும் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

கீழக்குயில்குடியில் என் அண்ணன் உக்கிரபாண்டி விவசாயம் பார்க்கிறார். அப்பா செத்தபோது எனக்கு ஒன்பது வயது, அவருக்கு இருபது. அதற்குப் பிறகு எனக்கு அப்பா அவர்தான். பத்திரிகையை நீட்டினேன். முன்னே பார்த்தார், பின்னே திருப்பிப் பார்த்தார். கவரையும் உதறிப் பார்த்தார்.

"எம்பேரு எங்கடா?"

"யாரு பேரும் போடலண்ணே. இப்ப அப்படித்தான் போடுறாக."

"ஒம்பேரு இருக்கு. ஒம்பொண்டாட்டி பேரு இருக்கு."

பத்திரிகையை என் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகினார். "நல்லது கெட்டது ஒண்ணும் இல்ல இனிமே. ஒன் சாவுக்குக்கூட வர மாட்டேன்" என்றார்.

வரவில்லை. நானும் போகவில்லை. வீம்பு எங்கள் பரம்பரைச் சொத்து. பாகம் பிரித்தபோது அது மட்டும்தான் இரண்டு பேருக்கும் வில்லங்கம் இல்லாமல் வந்தது. பொங்கலுக்குப் பொங்கல் இன்றைக்காவது போன் பண்ணலாம் என்று நினைப்பேன். நினைத்துக்கொண்டே கரும்பைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவேன்.

இந்த வருடம் ஒரு இணையப் பத்திரிகை 'நம்ம மண்ணு வீடு' என்று போட்டி வைத்தது. தாமரை ஒரே நாளில் சுவீடனைக் கைவிட்டாள். "இன்ஸ்பிரேஷன் நம்ம ஊருலயே கெடக்குங்க, நாமதான் பாக்கல" என்றாள். கிடந்தது எங்கே என்றால் கீழக்குயில்குடி சமணர் மலையில். ஹால் சுவருக்கு அந்தப் பாறையின் நிறம் வேண்டுமாம். பெயிண்ட் கடைக் கலர் அட்டையை எடுத்துக்கொண்டு, கடையைப் பூட்டவைத்து, என்னை மலையேற்றினாள். ஆயிரம் வருடத்துக்கு மேலாகச் சும்மா இருந்த பாறை மீது அட்டையை வைத்து வைத்துப் பார்த்தாள்.

மேலேயிருந்து பார்த்தால் அண்ணன் வீடு தெரியும். நீலத் தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடி, கொடியில் ஒரு வேட்டி. காற்றில் வேட்டி ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது. கிளிப் போடவில்லை. அவருக்கு எப்போதும் அந்தப் பழக்கம் கிடையாது.

"என்னத்தப் பாக்குறீங்க?"

"கலரு."

அவள் அட்டையிலிருந்து தலையை எடுக்காமல், "இம்புட்டுத் தூரம் வந்தாச்சு. ஒரு எட்டுப் போயிப் பாத்தாத்தான் என்ன?" என்றாள்.

"நீ கலரப் பாரு."

சுவர் அடித்து முடித்தபோது பாறை மாதிரியேதான் இருந்தது. நன்றாக இல்லை என்று சொன்னால் பொய். அதில் ஒரே ஒரு படம் மட்டும் மாட்ட வேண்டும் என்றாள். சாமி படம் பூஜை அறைக்கு. காலண்டர் பரணுக்கு. மிச்சம் நான்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவனியாபுரம் ஜல்லிக்கட்டில், கேலரியில் அண்ணனும் நானும் உட்கார்ந்திருந்த படம். அண்ணன் என் தோளில் கை போட்டிருப்பார். அண்ணனோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லாததால் நானும் எதிர்க்கவில்லை, அவரை வெட்டி எடுத்துவிட்டாள். என் சட்டை கிளிப்பச்சை. அது சுவருக்கு ஒத்துவராது என்று படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கினாள். பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். என் இடது தோளில் நாலு விரல் மட்டும் மிச்சம் இருந்தது. அதையும் வெட்டினால் என் காது போய்விடும் என்றாள். விட்டுவிடச் சொன்னேன்.

மண்ணின் மணம் வேண்டும் என்று விட்டத்திலிருந்து செவ்வந்திச் சரத்தை வளைத்துத் தொங்கவிட்டாள். கீழே குத்துவிளக்கு. ஐந்து திரி போட்டால் வெளிச்சம் அதிகமாகிறது என்று ஒரு திரி. சரம் படத்துக்கு இரண்டடி முன்னால்தான் தொங்கியது. ஆனால் கேமரா நின்ற இடத்திலிருந்து பார்த்தால் சட்டத்தின் இரண்டு பக்கமும் இறங்கிக் கீழே ஒன்றாகச் சேர்ந்திருந்தது. அவள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகத்துக்கு முன்னால் தெர்மாகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி விழுந்தால் நிழல் மென்மையாக விழுமாம். ஆக மொத்தம், படத்தைப் படமாகப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை.

சாயங்காலம் அதை வெளியிட்டாள். மேலே எழுதியது இவ்வளவுதான்: 'இனி இவர் இந்தச் சுவரில். அமைதியான மூலை.'

பதிலுக்குக் கும்பிட்ட கைப் படங்களாக வந்து விழுந்தன. "பாத்தீங்களா, இதுவரைக்கும் யாரும் என்னையக் கையெடுத்துக் கும்பிட்டதில்ல" என்று காட்டினாள். நாய்க்குட்டி படம் போட்ட ஒரு கணக்கிலிருந்து 'எப்ப?' என்று கேட்டிருந்தார்கள். 'நேத்து சாயங்காலம்' என்று இவள் பதில் போட்டாள். 'திடீர்னா?' என்று கேட்டார்கள். 'இல்லைங்க, ரொம்ப நாளா எதிர்பாத்ததுதான். நேத்துதான் ஒரு வழியா முடிஞ்சது' என்று எழுதினாள். 'பக்கத்துல யாரும் இல்லையா?' 'நான் மட்டும்தான். எல்லாத்தையும் ஒத்தையாளாத்தான் செஞ்சேன்.' அதற்கு வரிசையாக ஏழு அழுகிற முகங்கள் வந்தன. அழகைப் பார்த்தால் சிலருக்குக் கண் கலங்கிவிடும் என்றாள். தெர்மாகோல் பிடித்தவனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

மறுநாள் பத்தரைக்கு போன். ஒரு கோணம் விட்டுப்போய்விட்டதாம். போனேன். தெர்மாகோலைத் தூக்கினேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "என்னப் பெத்த ராசா, எங்களுக்கு முன்னாடி போயிட்டியே" என்று ஒரு பெண் குரல் ராகம் எடுத்தது. எதிர் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் போல, பாவம் என்று நினைத்தேன். அது என் மதினி ஜெயக்கொடியின் குரல் என்று பிடிபடச் சற்று நேரம் ஆனது.

தாமரை வாசலுக்கு ஓடினாள். ஆறு வருடம் கழித்து என் அண்ணனும் மதினியும் படியேறுகிறார்கள். மகிழ்ச்சியில் அவளுக்கு வேறொன்றும் ஓடவில்லை. "வாங்க மாமா, வாங்கக்கா" என்றாள்.

எழவு வீட்டில் யாரும் வாங்க என்று சொல்வதில்லை. போகிறவர்களும் வாரேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. வந்தோம், இருந்தோம் என்று பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். மதினியின் ராகம் பாதியில் நின்றது.

"வாங்கவா?" என்றாள். "புருசன் போயி முழுசா ரெண்டு நாளு ஆகல. தல நெறையப் பூ வச்சுக்கிட்டு வாங்கங்கிறாளே."

அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. கையில் பெரிய சம்பங்கி மாலை. தெர்மாகோலின் விளிம்பு வழியாகப் பார்த்தேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, சுவரில் இருந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்திரிகையில பேரு இல்லாதவன்தான் நானு. சரி. எந்தம்பி செத்ததக்கூட எனக்கு ஒரு வார்த்த சொல்லிவிட மாட்டீகளா? எம்மக நாய்க்குட்டி படத்தப் போட்டுக்கிட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு போனுல பாக்குறா. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? தூக்கி வளத்த கையிடா இது" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார்.

அவர் அழுது நான் பார்த்ததில்லை. அப்பா செத்த அன்றைக்கும் விறகு வந்ததா, பந்தல்காரன் வந்தானா என்று ஓடிக்கொண்டிருந்தார். நான் உடனே அட்டையை இறக்கியிருக்க வேண்டும். இறக்கவில்லை. எனக்காக அவர் அழுவதை இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போல இருந்தது. கேவலம்தான். ஆறு வருடம் ஆகியிருந்தது.

பிறகு இறக்கினேன். "அண்ணே" என்றேன்.

என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

"இருக்கியா?"

"இருக்கேண்ணே."

"எம்புட்டு நேரமா அங்கன நிக்கிற?"

"நீ வந்ததுலருந்து."

"எல்லாத்தையும் கேட்டியா?"

"கேட்டேன்."

"ம்" என்றார். மாலையை வாசலுக்கு வெளியே காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்தார். மதினி இன்னும் ஒரு தடவை என்னை மேலும் கீழும் பார்த்து, கால் தரையில் பாவுகிறதா என்று உறுதி செய்துகொண்டபின் உள்ளே வந்தாள்.

தாமரை போனை எடுத்துப் பார்த்தாள். இந்தத் தடவை வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "எங்கையாலயே மால போட்டு, எங்கையாலயே ஒத்தத் திரி ஏத்தியிருக்கேனே அக்கா" என்று தாலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். துக்கம் கேட்க வந்த மதினி அவளைத் தேற்றினாள். எப்படியும் யாரையாவது தேற்றத்தான் வந்திருந்தாள். வெளியிட்ட படத்தைப் போனிலிருந்து தாமரை அழித்துவிட்டாள். போட்டிக்கு அனுப்ப அவளிடம் வேறு படம் இல்லை. அனுப்பப்போவதில்லை என்று அவளே சொன்னாள்.

அண்ணன் எழுந்து சுவர்ப் பக்கம் போனார். சரத்தை ஒதுக்கிவிட்டுப் படத்தை உற்றுப் பார்த்தார்.

"தோளுல யாரு கையி?"

"ஒங்கையிதான்."

"கைய மட்டும் வச்சுக்கிட்டு ஆள எங்க?"

தாமரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதையும் வெட்டுனா இவரு காது போயிருது மாமா" என்றாள்.

"காது போனா என்ன, சொன்னா எங்க கேட்டான்?" என்றார் அண்ணன். அது திட்டு. ஆறு வருடத்துக்குப் பிறகு கிடைத்த முதல் திட்டு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன். "சாவுக்குக்கூட வர மாட்டேன்னியேண்ணே."

"சொன்னேன்."

"வந்துருக்க."

"நீதான் சாகலையே. அப்ப சொன்ன சொல்லு அப்படியேதான் இருக்கு" என்றார்.

காப்பியை வாங்கி வைத்துக்கொண்டார். ஆறும்வரை குடிக்கவில்லை. வெளியே தெருமாடு ஒன்று காம்பவுண்டுச் சுவரில் தலையை நீட்டிச் சம்பங்கி மாலையைத் தின்றுகொண்டிருந்தது. நாலு பேருமாக அதை வேடிக்கை பார்த்தோம். யாரும் விரட்டவில்லை. காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அண்ணன் எழுந்தார். மதினியும் எழுந்தாள்.

பேசாமல் செருப்பைப் போட்டார். பேசாமல் படியிறங்கினார். நான் கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன். சொல்லிக்கொள்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். எழவுக்குக் கிளம்பி வந்த மனுஷன், அந்த ஞாபகத்திலேயே போகிறாரா, இல்லை சொன்ன சொல் அப்படியே இருக்கிறது என்றாரே, அதைத்தான் காட்டுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. நாற்பத்தாறு வயதில், கேட்டைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி நின்றேன். ஆட்டோ கிளம்பிவிட்டது.

முக்கில் கரண்டு கம்பம் வரைக்கும் போய் நின்றது. அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"டேய்."

"என்னண்ணே?"

"வாரேன்."

ஆட்டோ முக்கில் திரும்பி மறைந்தது. உள்ளே வந்தேன். தாமரை முக்காலி மேல் ஏறி நின்று சரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டாகளா?" என்று கேட்டாள்.

"வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு" என்றேன்.